எம்.எஸ்சி. பயோடெக் முடித்துவிட்டு பிஎச்.டி.யா, வேலையா? காரைக்குடித் தங்கச்சிக்கு ஒரு பதில்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். காரைக்குடியில் எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி கடைசி வருடம் படிக்கும் பெண். ஆய்வுக்கும் உதவிப் பேராசிரியர் வேலைக்குமான தகுதித் தேர்வான நெட் ஒரு தடவை எழுதி, ஆய்வு உதவித்தொகையான ஜே.ஆர்.எஃப். கிடைக்கவில்லை. பிஎச்.டி.க்கு முயல்வதா, சென்னைக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போவதா, வெளிநாட்டுக்கு விண்ணப்பிப்பதா என்று குழப்பம். இன்னும் ஒரு வருடம்தான் பொறுப்பேன், அப்புறம் மாப்பிள்ளை பார்த்துவிடுவேன் என்கிறாராம் அப்பச்சி (அப்பா). "எதுக்கு முதல்ல தயாராகணும் அக்கா?"

நான் தேவகோட்டைக்காரி. மதுரையில் பிஎச்.டி. முடித்து, அமெரிக்காவில் நான்கு வருடம் போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வுப் பணி) இருந்துவிட்டு, பத்துப் பன்னிரண்டு வருடமாகச் சென்னையில் மருந்துப் பரிசோதனைகள் நடத்தும் கம்பெனி ஒன்றில் இருக்கிறேன். அக்கா என்று கூப்பிட்டதால் ஒருமையிலேயே எழுதுகிறேன், தப்பாக நினைக்காதே.

உன் கேள்வியில் பரீட்சை இருக்கிறது, ஊர் இருக்கிறது, நாடு இருக்கிறது, மாப்பிள்ளைகூட இருக்கிறார். யாரிடம் போய்த் தொழில் கற்றுக்கொள்வது என்பது மட்டும் இல்லை. என்னைக் கேட்டால் முதலில் வரவேண்டியது அதுதான்.

எங்கள் ஐயா (தாத்தா) பன்னிரண்டு வயதில் பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் பார்க்க, போனவர். நம் பக்கத்து வழக்கம் உனக்கும் காதில் விழுந்திருக்கும்: முதலில் பெட்டியடிப் பையன், அப்புறம் அடுத்தாள், அதற்கும் அப்புறம்தான் கடையைத் தனியாக நடத்துகிற ஏஜெண்டு. மூன்று வருடம் ஒரு தவணை. சம்பளம் எவ்வளவு என்று பிறகுதான் கேட்பார்களாம். எந்த ஏஜெண்டிடம் விடுகிறார்கள் என்றுதான் வீட்டில் முதலில் விசாரிப்பார்களாம். நல்ல ஆளிடம் போய்ச் சேர்ந்த பையன் ஒரு தவணைக்குள் வட்டிக் கணக்கும், ஆளைப் பார்த்துக் கடன் கொடுக்கிற சூட்சுமமும் தெரிந்துகொண்டு திரும்புவான். மற்றவன் மூன்று வருடமும் எடுபிடி வேலை பார்த்துவிட்டு வருவான். பிஎச்.டி.யும் ஏறத்தாழ இதே ஏற்பாடுதான். பட்டத்தைப் பல்கலைக்கழகம் கொடுக்கிறது. தொழிலைக் கற்றுக்கொடுப்பது ஒரு லேப், அதில் ஒரு கைடு, பல நேரம் அந்தக் கைடைவிட உனக்கு இரண்டு வருடம் மூத்த சீனியர்.

நான் சேர்ந்த முதல் வாரம் அப்படி ஒரு சீனியர் என்னை எந்தச் சோதனையும் தொடவிடவில்லை. திரவத்தைத் துல்லியமாக அளந்து எடுக்கும் ஒரு பிபெட், ஒரு பீக்கரில் காய்ச்சி வடித்த தண்ணீர், ஒரு தராசு. 100 மைக்ரோலிட்டர் எடுத்துத் தராசில் விடு, எடையை எழுது, மறுபடி விடு. 100 மைக்ரோலிட்டர் தண்ணீர் 100 மில்லிகிராம் நிற்க வேண்டும். எனக்கு 94, 103, 97 என்று ஆடியது. டிப்பின் நுனியில் ஒட்டியிருந்த சொட்டு, பிபெட்டைச் சாய்த்துப் பிடித்த விதம், கட்டைவிரலைச் சட்டென்று விட்டது என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். மூன்றாம் நாள் 99, 100, 100. எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் ஆறு மாதம் கழித்து, டி.என்.ஏ.வைப் பெருக்கும் பி.சி.ஆர். சோதனை வரிசையாகத் தோற்றபோது என் கைமேல் எனக்குச் சந்தேகம் வரவில்லை. நேராக என்சைம் வைத்திருந்த ஃப்ரீசரைப் போய்ப் பார்த்தேன். மின்சாரம் போன ஒரு ராத்திரியில் உருகி மறுபடி உறைந்திருந்தது.

அவரிடமே கற்றது இன்னொன்று, நோட்டு எழுதுவது. பென்சில் கூடாது, தாளைக் கிழிக்கக் கூடாது, தப்பை ஒரே கோட்டில் அடித்துப் பக்கத்தில் சுருக்கக் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும், அடித்தது படிக்கும்படி இருக்க வேண்டும். இப்போது என் கம்பெனியில் நோயாளிகளின் பதிவுகளைச் சரிபார்க்கும்போதும் விதி இதேதான். உலகம் முழுக்க மருந்துப் பரிசோதனைக்கு இருக்கிற ஜி.சி.பி. நெறிமுறை இதைத்தான் கேட்கிறது. வேலைக்கு ஆள் எடுக்கும்போது, 'உன் புராஜெக்ட் நோட்டில் ஒரு பக்கம் காட்டு' என்று நான் கேட்பதுண்டு. பாதிப் பேரிடம் நோட்டே இருக்காது. எல்லாம் செல்போன் படத்தில் இருக்கும்.

சரி, நல்ல லேப் என்று வெளியிலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது? நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் ஷோத்கங்கா என்கிற இணையக் களஞ்சியத்தில் ஏறுகின்றன. காசு கிடையாது, யாரும் பார்க்கலாம். நீ நினைத்திருக்கும் கைடின் பெயரைப் போட்டுத் தேடு. அவரிடம் கடைசியாக முடித்த நாலைந்து பேரின் பெயரும் வருடமும் கிடைக்கும். அந்தப் பெயர்களை மருத்துவ, உயிரியல் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் போட்டுப் பார். அவர்கள் பெயர் முதலாவதாக வரும் பேப்பர் இருக்கிறதா, எப்போது வந்தது, அப்புறம் அவர்கள் எங்கே போனார்கள்? இரண்டு பேருக்கு மெயில் எழுதி, எத்தனை வருடம் ஆயிற்று, கெமிக்கல் வாங்கப் பணம் இருந்ததா, மறுபடி சேர்வதானால் அங்கேயே சேர்வீர்களா என்று கேள். கடைசிக் கேள்விக்கு உடனே பதில் வந்தால் நல்லது. "போன் பண்ணும்மா, சொல்றேன்" என்று வந்தால் உனக்கே புரியும்.

கைடின் கீழ் எத்தனை பேர் என்பதையும் பார். பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2022 விதிப்படி பேராசிரியரிடம் 8 பேர், அசோசியேட்டிடம் 6, அசிஸ்டென்ட்டிடம் 4 பேர் வரைதான் ஒரே நேரத்தில் இருக்கலாம். எட்டுப் பேர் இருக்கும் இடத்தில் உன் பக்கம் அவர் திரும்ப வாரம் ஒரு மணி நேரம் கிடைத்தால் அதிர்ஷ்டம். எண்ணிக்கை குறைவான இளம் கைடு தினமும் பெஞ்சில் வந்து நிற்பார்; ஆனால் அவருக்குக் கிராண்ட் (ஆய்வு நிதி) வராமல் போகிற ஆபத்து உண்டு. எனக்கு இளம் ஆளைத்தான் பிடிக்கும், ஆனால் இது அவரவர் சுபாவம்.

நான் இதையெல்லாம் விசாரிக்காமல் சேர்ந்தவள். எழுதி முடித்த ஆய்வேடு எட்டு மாதம் ஒரு மேஜையில் கிடந்தது. யார், எங்கே என்பது இப்போது வேண்டாம். அந்த எட்டு மாதத்தில் எனக்கு வரவிருந்த ஒரு போஸ்ட்டாக் இடம் போனது. இன்று உனக்கு ஒரு வசதி இருக்கிறது: ஒவ்வொரு செமஸ்டரும் ஆலோசனைக் குழுவின் முன் நின்று என்ன செய்தாய் என்று சொல்ல வேண்டும் என்று விதியே இருக்கிறது. பலர் அதைச் சடங்காக முடித்துவிடுகிறார்கள். நீ அந்தக் கூட்டத்தில் சொன்னதையெல்லாம் எழுதி, கையெழுத்து வாங்கி வைத்துக்கொள். தகராறு வந்தால் அந்தத் தாள்தான் பேசும்.

இனி பரீட்சை. ஒரு தடவை போனதற்கு முகம் தொங்க வேண்டாம். அறிவியல் பாடங்களுக்கான நெட்டான சி.எஸ்.ஐ.ஆர். நெட்டில் லைஃப் சயன்ஸ் தாளின் அமைப்பைப் பார். மொத்தம் 200 மதிப்பெண், மூன்று மணி நேரம். ஏ பிரிவு பொதுத்திறன், 15 கேள்வி எழுதினால் 30. பி பிரிவில் 35 எழுதலாம், 70. சி பிரிவில் 75 கேள்வி கொடுத்து 25 மட்டும் எழுதச் சொல்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் 4 மதிப்பெண், அதாவது பாதி மதிப்பெண் அங்கே. தப்புக்குக் கால்பங்கு கழியும். பாடத்திட்டம் 13 யூனிட். நம் பிள்ளைகள் பதிமூன்றையும் மேலோட்டமாகப் படித்துவிட்டுப் போய் சி பிரிவில் விழுகிறார்கள். 75-ல் 25 என்றால் 50 கேள்வியை விட்டுவிடலாம் என்று அர்த்தம். ஆறு ஏழு யூனிட்டை அடி ஆழம் வரை படி. செல் உயிரியல், மூலக்கூறு உயிரியல், நோயெதிர்ப்பு, அப்புறம் பதிமூன்றாவதான ஆய்வுமுறைகள் யூனிட், இதை விடவே விடாதே. சி பிரிவில் பல கேள்விகள் ஒரு சோதனையைச் சொல்லி, இப்படி ஒரு ஜெல் வந்தால் என்ன அர்த்தம் என்றுதான் கேட்கும். அதற்குக் கோச்சிங் நோட்ஸ் போதாது. வாரம் ஒரு பேப்பர் எடுத்து, படங்களை மட்டும் பார்த்து, முடிவை நீயே எழுதி, அப்புறம் அவர்கள் எழுதியதோடு ஒப்பிடு. முதல் பத்துப் பேப்பர் ஒன்றும் புரியாது. பரவாயில்லை.

ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடத்துக்குப் பின் 42,000. வீட்டு வாடகைப்படி தனி. அந்தப் பணத்தைவிட முக்கியம், உன் சம்பளத்தை நீயே கொண்டுபோவதால் லேபைத் தேர்ந்தெடுக்கிற உரிமை உன் கையில் வருவது. கிடைக்காவிட்டால் கதவு மூடிவிடாது. 2024 முதல் நெட்டில் பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும் தகுதி தரும் மூன்றாவது பிரிவு இருக்கிறது. அந்த மதிப்பெண்ணுக்கு 70 சதவீதம், நேர்முகத்துக்கு 30 என்று எடை; ஒரு வருடம்தான் செல்லும். கேட் (GATE) தேர்வு எழுது. மத்திய அரசின் பயோடெக்னாலஜி துறை நடத்தும் பெட் (BET) தேர்வு எழுது. என்.சி.பி.எஸ்., இன்ஸ்டெம், டி.ஐ.எஃப்.ஆர். என்கிற மூன்று ஆய்வு நிலையங்களுக்கும் சேர்த்து நடக்கும் ஜீபில்ஸ் பரீட்சையும் எழுது. அதில் மனப்பாடம் உதவாது, யோசனைதான். நேர்முகத்தில் உன் எம்.எஸ்சி. புராஜெக்டைப் பற்றித்தான் குடைவார்கள். 'ஏன் இந்தச் செறிவு எடுத்தாய், கன்ட்ரோல் எங்கே' என்று கேட்கும்போது 'சார் சொன்னார்' என்று சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதோடு முடிந்தது.

நம் ஊரிலேயே இருப்பதை ஏன் யாரும் சொல்வதில்லை என்று எனக்குத் தீராத வருத்தம். காலேஜ் ரோட்டில் நிற்கிறது சிக்ரி. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறக்கப்பட்ட மின்வேதியியல் நிலையம். பேட்டரிக்காரர்கள் இடம், நமக்கென்ன என்று பயோடெக் பிள்ளைகள் நினைக்கிறார்கள். உன் வீட்டு ஆயா (பாட்டி) சர்க்கரை பார்க்கிற பட்டையை எடுத்துப் பார். விரல் நுனி ரத்தம் ஒரு சொட்டு, அதில் குளுக்கோஸைப் பிடிக்கிற என்சைம், அங்கிருந்து கிளம்பும் எலக்ட்ரான்களை எண்ணும் மின்முனை. பாதி உயிரியல், பாதி மின்வேதியியல். இரண்டும் தெரிந்த ஆள் நாட்டில் குறைவு, உனக்கோ இரண்டும் சைக்கிள் தூரத்தில். மூன்று மாதப் புராஜெக்டாவது அங்கே கேட்டுப் பார்.

உங்கள் துறையில் சி. எலிகன்ஸ் புழு வளர்க்கிறார்கள். 'புழுவா வளர்க்கிறாய்' என்று அயித்தை சிரித்தால் சிரிக்கட்டும். ஒரு மில்லிமீட்டர் நீளம், மூன்று வாரம் ஆயுள், 959 உடற்செல்கள். இந்தப் புழுவை வைத்து 2002, 2006, 2024 ஆகிய வருடங்களில் மருத்துவ நோபல் கிடைத்திருக்கிறது. எலிக்கு விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்க மாதக்கணக்கில் ஆகும், புழுவுக்கு அது தேவையில்லை. எம்.எஸ்சி. மாணவிக்கு ஒரு கேள்வியை எடுத்து முடிவு வரை கொண்டுபோக இதைவிட நல்ல பிராணி கிடையாது.

கொஞ்சம் வெளியே போனால் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆய்வு நிலையம், காமராசர் பல்கலைக்கழகத்தின் உயிரியல் துறைகள். விடியலில் பல்லவன் ரயிலில் ஏறினால் மத்தியானம் சென்னை. சேத்துப்பட்டில் காசநோய் ஆய்வு நிலையம். காசநோயாளியை ஆரோக்கிய நிலையத்தில் அடைத்து வைக்கத் தேவையில்லை, வீட்டில் வைத்தே மருந்து கொடுத்துக் குணப்படுத்தலாம் என்று 1950-களின் கடைசியில் உலகத்துக்குக் காட்டிய இடம். மூன்று விஞ்ஞான அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைகால ஃபெல்லோஷிப்பில் இப்படிப்பட்ட இடத்தில் இரண்டு மாதம் இருக்கலாம். உனக்கு நாள் கடந்துவிட்டதென்றால் ஜூனியர்களுக்காவது சொல்.

வேலைப் பக்கம் வருகிறேன். பிஎச்.டி. என்றால் பேராசிரியர் வேலை என்று வீட்டில் நினைப்பார்கள். அமெரிக்காவிலேயே 2012-ல் என்.ஐ.எச். (அங்குள்ள தேசிய சுகாதார நிறுவனம்) குழு கணக்குப் பார்த்தபோது, அங்கே பயோமெடிக்கல் பிஎச்.டி. முடித்தவர்களில் நிரந்தரப் பேராசிரியர் வரிசையில் இருந்தவர்கள் ஏறக்குறைய நான்கில் ஒருவர்தான். அதற்குப் பிறகுதான் அங்கே மாணவர்களை மற்ற வேலைகளுக்கும் படிக்கும்போதே பழக்கப் பணம் ஒதுக்கினார்கள். வருடம் ஒரு தடவை, என்ன தெரியும், என்ன தெரியாது, அடுத்த வருடத்துக்குள் எதைக் கற்பேன் என்று எழுதிக் கைடோடு உட்கார்ந்து பேசுகிற பழக்கமும் பரவியது. நம்மில் இதை ஐந்தொகை (இருப்புக் கணக்கு) போடுவது என்று சொன்னால் அப்பச்சிக்கும் புரியும். கைடு உட்காராவிட்டால் நீயே போடு. முதல் வருடத்திலிருந்தே போடு. ஐந்தாம் வருடம் சினாப்சிஸ் (ஆய்வேட்டுச் சுருக்கம்) கொடுத்துவிட்டு 'இனி என்ன' என்று கேட்பவர்கள்தான் அதிகம் தவிக்கிறார்கள். உதவிப் பேராசிரியர் வேலைக்கு 2023 ஜூலை முதல் பிஎச்.டி. கட்டாயமில்லை, நெட் அல்லது மாநிலத் தகுதித் தேர்வான செட் போதும் என்று யு.ஜி.சி. சொல்லிவிட்டது. ஆகவே கல்லூரியில் பாடம் எடுப்பது மட்டும்தான் ஆசை என்றால் ஐந்தாறு வருடம் லேபில் போவதற்கு முன் ரெண்டு தடவை யோசி.

என் வேலையைக் கொஞ்சம் சொல்கிறேன். போன மாதம் ராத்திரி ஒன்பதரைக்கு ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து போன். எங்கள் சோதனையில் இருக்கும் ஒருவர் மூச்சுத்திணறலோடு அட்மிட் ஆகியிருக்கிறார். 2019-ன் புதிய மருந்து மற்றும் மருந்துப் பரிசோதனை விதிகளின்படி, இப்படித் தீவிரமான சம்பவம் என்றால் 24 மணி நேரத்துக்குள் ஆய்வு மருத்துவர் கட்டுப்பாட்டு அமைப்புக்கும், நெறிமுறைக் குழுவுக்கும், எங்களுக்கும் அறிக்கை கொடுத்தாக வேண்டும். மருந்தாலா, வேறு காரணத்தாலா? மருந்து கொடுத்த நேரம், அதன் அரை ஆயுள் (உடம்பில் பாதியாகக் குறைய ஆகும் நேரம்), அவர் ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் பரப்பிவைத்துக்கொண்டு பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்திருந்தோம். பிஎச்.டி.யில் நான் படித்த புரதத்தின் பெயர்கூட இந்த வேலையில் வந்ததில்லை. சான்று போதுமா போதாதா என்று பார்க்கிற கண் மட்டும் தினமும் வேலை செய்கிறது.

எம்.எஸ்சி.யோடு நேராக வர முடிகிற வேலைகளும் உண்டு. மருந்துப் பாதுகாப்புப் பிரிவு, தடுப்பூசி ஆலைகளில் தரக் கட்டுப்பாடு, மருத்துவக் கட்டுரை எழுதுவது, கருவி விற்கும் கம்பெனிகளில் லேப்களுக்குப் போய்ச் செய்து காட்டும் வேலை. சயன்ஸ் பட்டம் இருந்தால் பேடன்ட் ஏஜெண்டு பரீட்சை எழுதலாம். சட்டப் படிப்பு வேண்டியதில்லை. இவை எல்லாவற்றுக்கும் பொதுவாக உதவுவது புள்ளியியல். அதற்கான ஆர் (R) மென்பொருள் இலவசம், வீட்டிலேயே கற்கலாம். 'மூன்று மாத டிப்ளமா, நூறு சதவீத வேலை' என்று லட்ச ரூபாய் கேட்கும் இடங்களுக்கு மட்டும் போகாதே. அங்கே கொடுக்கும் சான்றிதழைப் பார்த்து நான் ஒருவரையும் எடுத்ததில்லை.

வெளிநாடு பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் பயோமெடிக்கல் பிஎச்.டி.க்கு ஃபீஸ் கட்டத் தேவையிருக்காது, மாதச் சம்பளமும் தருவார்கள். முதல் வருடம் இரண்டு மூன்று லேப்களில் சில வாரங்கள் இருந்து பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுக்கலாம், நான் மேலே சொன்ன விசாரணையை அவர்களே பாடமாக வைத்திருக்கிறார்கள். விண்ணப்பம் பெரும்பாலும் டிசம்பரில் முடியும், பல இடங்களில் ஜி.ஆர்.இ. நுழைவுத் தேர்வு கேட்பதில்லை. ஆனால் 2025-ல் ஆய்வு நிதிக் குழப்பத்தால் சில பல்கலைக்கழகங்கள் சேர்க்கையைக் குறைத்தன, அதை மட்டும் நம்பி உட்காராதே. ஜெர்மனியில் பிஎச்.டி. மாணவர் சம்பளக்காரர்; நேராகக் கைடுக்கே எழுதலாம். எங்கே எழுதினாலும், 'ரெஸ்பெக்டட் சார்' என்று நூறு பேருக்கு ஒரே மெயிலை அனுப்பாதே. அவருடைய பேப்பரில் மூன்றாவது படத்தில் உனக்கு வந்த ஒரு சந்தேகத்தைக் கேள். என் போஸ்ட்டாக் இடம் அப்படி ஒரு நாலு வரி மெயிலில்தான் கிடைத்தது.

கடைசியாக அப்பச்சி விஷயம். கல்யாணமும் பிஎச்.டி.யும் ஒன்றையொன்று தின்றுவிடும் என்று பயப்படாதே, எங்கள் லேபிலேயே மூன்று பேர் இரண்டையும் பார்த்தோம். சாதாரணமாகப் பிஎச்.டி.க்கு மூன்று முதல் ஆறு வருடம். மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு கிடைக்கும். பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு உண்டு. பிரசவம், குழந்தை வளர்ப்புக்கு 240 நாள் வரை விடுப்பு. விதி இருக்கிறது, அதைக் கொடுக்கிற மனசு கைடுக்கு இருக்கிறதா என்பதை அந்தப் பழைய மாணவிகளிடமே கேள். மாப்பிள்ளை வீட்டாரிடமும் இதை முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள்: மாதம் இவ்வளவு வரும், இத்தனை வருடம் ஆகும், ஞாயிற்றுக்கிழமையும் லேபில் வளரும் செல்களுக்கு மீடியம் (ஊட்டக் கரைசல்) மாற்றப் போவாள் என்று. எங்கள் வீட்டில் முதல் இரண்டை மட்டும் சொன்னார்கள். மூன்றாவதற்குத்தான் சண்டை வந்தது.

அப்பச்சி ஒரு வருடம் கொடுத்திருக்கிறார் அல்லவா, அது போதும். அடுத்த நெட்டுக்கு ஆறு யூனிட், அதோடு ஷோத்கங்காவில் பத்துக் கைடு. பொங்கலுக்கு நான் தேவகோட்டை வருவேன். நேரில் பார்க்க வந்தால் பயோடேட்டா வேண்டாம், உன் புராஜெக்ட் நோட்டை எடுத்துக்கொண்டு வா.